மூன்று படம் சேர்ந்தால் முழு நிறம்

(கடம்பத்தூர் வட்டாரக் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, உள்கடன் பற்றி மாசாமாசம் பேசுறோம். இன்னைக்கு செல்போன் கேமரா பற்றிப் பேசுவோம். இதுவும் நம்ம வருமானப் பேச்சுதான்.

நம் மாவட்டத்தில் பழவேற்காட்டுப் பெண்கள் சாயம் போட்ட பனை ஓலையில் கூடை பின்னுகிறார்கள். அப்படி ஒரு கூடையை வெயில் அடிக்கிற வாசலில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட பக்கம் வெளிறிப் போகும், நிழல் பக்கம் கறுத்துப் போகும். சிவப்பு எது, பச்சை எது என்றே தெரியாது. வாட்ஸ்அப்பில் பார்த்து வாங்குகிறவர் நிறத்தை நம்பித்தான் வாங்குகிறார். வந்த பொருள் வேறு நிறமாக இருந்தால் திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தச் செலவு யார் தலையில்? நம் தலையில்தான்.

நம் கண் வெயிலையும் நிழலையும் சேர்த்தே பார்த்துவிடும். கேமராவுக்கு ஒரே படத்தில் அது கஷ்டம். அதனால் ஒரே காட்சியை மூன்று முறை எடுக்கணும். வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று, அளவாக ஒன்று, கூட்டி ஒன்று. குறைத்ததில் வெயில் பக்க நிறம் தங்கும். கூட்டியதில் நிழல் பக்க நிறம் தெரியும். எல்லாவற்றிலும் நல்லதை எடுத்துச் சேர்த்தால் முழு நிறம் கிடைக்கும். ஒருத்தரால் முடியாததைக் குழுவாகச் சேர்ந்து முடிக்கிறோமே, அதே கணக்குதான்.

படங்களைச் சேர்ப்பது புதுசு இல்லை. 1861-லேயே லண்டனில் மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி, ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை, அதே நிற ஒளியில் திரையில் ஒன்றாகச் சேர்த்து, கலராகக் காட்டினார். அவர் சேர்த்தது மூன்று நிறம். நாம் சேர்ப்பது மூன்று அளவு வெளிச்சம்.

இன்று நிறைய செல்போன்கள் இதைத் தானாகவே செய்கின்றன. கேமராவில் 'எச்.டி.ஆர்.' என்று இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அப்புறம் சில விஷயம் கவனிக்கணும்:

போனை ஸ்டூல் மேல் அசையாமல் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். பொருள் ஆடினால் படங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தாது, இரட்டை உருவம் விழும்.

எச்.டி.ஆர். இல்லாத போனா? கவலை வேண்டாம். திண்ணை நிழலில் ஒரே சீரான வெளிச்சத்தில் எடுங்கள்.

எடுப்பாகத் தெரியட்டும்னு நிறத்தை ஏத்தாதீங்க. பொருளைப் போன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளை எச்.டி.ஆர். போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுத்து வரணும். எது உண்மை நிறம் என்று பொருளையே வைத்து நாமே பார்த்து முடிவு செய்வோம்.