கோடித்துணியும் கந்தையும்



கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் மூத்தோர் வாக்கு. கசக்கினால் கையோடு வந்துவிடும் அளவுக்கு நைந்துபோன கந்தையை என் செய்வது என்பதற்கு வீட்டுப் பெண்களே விடை கண்டனர். கிழியாத பகுதியை மட்டும் வெட்டியெடுத்தனர். துண்டோடு துண்டை இணைத்தனர். உள்ளே பழஞ்சேலை ஒன்றை மடித்து வைத்து, மேலெல்லாம் ஓட்டுத்தையல் இட்டுக் குழந்தைக்குப் படுக்கை விரிப்பாக்கினர். அந்த ஒட்டுப்போர்வையைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற முற்படுகின்றோம்.

நாங்கள் வாழ்வது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர் ஒன்றில். 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் அக்காளும் இப்பால் தங்கையுமாக வாழும் குடும்பங்கள் இங்கே பல. எங்கள் துணிப் பெட்டியைத் திறந்தாலும் இந்த எல்லை தெரியும். ஒரு பக்கத்தில் பாலராமபுரத்து நேரியது; மறுபக்கத்தில் நாகர்கோவில் வடசேரிச் சேலை.

எங்களுள் பெண்கள் நால்வர், விவிலிய வசனம் ஒன்றைக் கருவாகக் கொண்டு ஒட்டுப்போர்வை தைத்துப் பார்த்தோம். முதல் முயற்சி பயன்படவில்லை. மேய்ப்பனையும் ஆடுகளையும் துணியில் வெட்டி ஒட்டி, கீழே வசனத்தை வண்ண நூலால் எழுதியிருந்தோம். பார்த்தவர் யாவரும் அழகென்றனர். ஆனால் அடுத்த வீட்டு முதியவள் ஒருத்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காலண்டர் படமாக்கும், மக்களே! இதிலே துணிக்கு என்ன சோலி?" என்று கேட்டாள். அக்கேள்வியே எங்களுக்கு ஆசிரியராயிற்று. வசனத்தைப் பற்றித் துணியில் படம் எழுதுவது ஒன்று. வசனம் சொல்வதைத் துணியே செய்து காட்டும்படி விடுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் செல்ல முடிவு செய்தோம்.

அதற்கு ஏற்ற வசனத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. பழைய ஆடையில் கோடித்துண்டை இணைப்பவர் இல்லை, இணைத்தால் கிழிசல் முன்னினும் பெரிதாகும் என்னும் கருத்து மத்தேயு எழுதிய நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் வருகின்றது. தையல் தெரிந்தவர்க்கு இது உவமை மட்டுமன்று; நாள்தோறும் காணும் உண்மை. தறியிலிருந்து இறங்கிய பருத்தித் துணியில் கஞ்சியும் இருக்கும், தறியில் இழுத்துக் கட்டிய விறைப்பும் இருக்கும். முதல் நனைப்பில் கஞ்சி போகும். இழைகள் தளர்ந்து துணி சுருங்கும். பழந்துணியோ பலமுறை நனைந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்து நனைத்தால் கோடி இழுக்கும்; பழையது ஈடுகொடுக்க மாட்டாமல் தையலோரத்தில் கிழியும். ஆகவேதான் கைத்தேர்ச்சியுள்ளவர்கள் புதுத்துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே கத்தரி வைப்பார்கள்.

நாங்கள் வேண்டுமென்றே அம்முறையை மீறினோம். நைந்த வெள்ளைச் சேலையின் நடுவே, நனையாத கைத்தறிக் கோடித்துண்டு ஒன்றை ஒரு முழச் சதுரமாக நெருக்கித் தைத்தோம். மும்முறை நனைத்து வெயிலில் இட்டோம். முதல் நனைப்பில் சுற்றியிருந்த துணி சுருக்கம் விழுந்து, கிணற்று நீரில் கல்லெறிந்தாற்போல் அலையலையாய் நின்றது. மூன்றாம் நனைப்பில் ஒரு மூலை விரற்கடை நீளம் கிழிந்தது. அக்கிழிசலை நாங்கள் மறைக்கவில்லை. மேலும் பரவாதபடி அதன் விளிம்பைச் சிவப்பு நூலால் கட்டி, அப்படியே விட்டோம். நம் வழக்கத்தில் கோடி என்பது திருமணத்திற்குத் தாய்வீட்டார் கொண்டுவருவது. இறந்தவர் மேல் இறுதியாகப் போர்த்துவதும் கோடியே. இதை அறிந்தவர்கள் அப்போர்வையின் முன் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள்.

இரண்டாவது போர்வைக்கு யாத்திராகமத்தின் இருபத்தாறாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். வனாந்தரத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளைப் பற்றிய பகுதி அது. திரைகள் பத்து. ஐந்தைந்தாக இணைந்து இரு பெருந்திரைகளாகின்றன. அவ்விரண்டையும் ஒன்றாக்குவதற்கு மட்டும் தையல் இல்லை. ஓரங்களில் ஐம்பது ஐம்பதாக இளநீல நூற்காதுகளும், அவற்றைப் பூட்ட ஐம்பது பொற்கொக்கிகளும் உள்ளன. பயணம் போகும் கூடாரமாதலின், கழற்றவும் பூட்டவும் இயல வேண்டும். மூல எபிரேய மொழியில் சணல்வகை நாரினாலான மெல்லிய துணியைக் குறிக்கும் சொல், தமிழ் விவிலியத்தில் பஞ்சுநூல் என்றே வருகின்றது. பருத்தி நெய்யும் நாட்டார்க்கு அச்சொல் அக்கூடாரத்தைத் தம் ஊர்த் தெருவுக்கே கொண்டுவந்துவிடுகின்றது.

எங்கள் போர்வையின் ஒரு பாதி பாலராமபுரத்துத் துணி; மறுபாதி வடசேரித் துணி. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மர் ஆட்சியில், 1798க்கும் 1810க்கும் இடையே, தென்தமிழ் நிலத்துச் சாலியர் குடும்பங்கள் பாலராமபுரத்தில் குடியேற்றப்பட்டன; இன்று கேரளத்தின் அடையாளமாகத் திகழும் அவ்வெண்துணியின் நெசவு அவர்கள் குழித்தறிகளிலிருந்து வளர்ந்தது. ஆகவே இரு பாதிகளும் பிறந்த இடத்தால் வேறு, கைவழியால் உறவு. அவற்றைத் தைத்து ஒன்றாக்கவும் எங்களுக்கு மனமில்லை. தனித்தனியே விடவும் மனமில்லை. நடுவோரத்தில் ஐம்பது காதுகளையும், பொன்னுக்குப் பதிலாக ஐம்பது பித்தளைக் கொக்கிகளையும் வைத்தோம்.

மூன்றாவது போர்வை தொற்காள் என்னும் பெண்ணைப் பற்றியது. யோப்பா பட்டணத்தில் அவள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துத் தந்த ஆடைகளை எடுத்துக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம் கூறுகின்றது. அவள் பேசியதாக ஒரு சொல்லும் அந்நூலில் இல்லை. அவள் தைத்தவையே அவளுக்காகப் பேசுகின்றன. எங்கள் அன்னையர் மறைந்த பின் பெட்டியில் எஞ்சிய வெள்ளை ரவிக்கைகளையும் முண்டுகளையும் அப்போர்வைக்கு எடுத்தோம்.

இந்நாட்டில் ரவிக்கை என்பது எளிய பொருளன்று. நாடார் முதலிய வகுப்புப் பெண்கள் தோளை மூடுவதே குற்றமாயிருந்த காலம் ஒன்று தென் திருவிதாங்கூரில் இருந்தது. 1822இல் எழுந்த தோள்சீலைப் போராட்டம் அடங்கியும் கிளர்ந்தும் முப்பத்தேழு ஆண்டுகள் நீடித்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மன்னரின் அறிக்கை வந்தது. அதுவும் சட்டை அணியவும் முரட்டுத்துணியால் மேலே மூடவும்தான் இசைந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவர் உடுத்தும் முறையில் உடுத்த இசையவில்லை. ஆகையால் எங்கள் போர்வையின் அடித்துணியாக முரட்டுத்துணியையே வைத்தோம்.

ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்திற்கு ரேந்தை சேர்த்தோம். அதற்கும் காரணம் உண்டு. 1821ஆம் ஆண்டளவில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் பள்ளிப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை அது. அப்பெண்களுள் அடிமைகளாயிருந்த சிலர், அதில் ஈட்டிய காசைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்நூலின் வலிமை விளங்கும். ஆயினும் அந்த ரேந்தை சென்று சேர்ந்தது பிறர் மேசைகளுக்கும் பிறர் ஆடைகளுக்கும்தான். பின்னியவளின் கதை அதில் இடம்பெறவில்லை.

தன் கதையைத் தானே தைத்த ஒருத்தியும் உலகில் இருந்தாள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாய்ப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண், விடுதலைக்குப் பின் விவிலியக் காட்சிகளைப் பதினொரு கட்டங்களில் வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைத்தாள். 1886இல் அது ஒரு பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் கொடுக்க மறுத்தாள். பின்னர் வறுமை நெருக்கவே, 1891இல் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தாள். கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் எடுத்துரைத்தாள். அதன் பிறகும் சிலமுறை சென்று தன் போர்வையைப் பார்த்து வந்தாள். இன்று அது வாஷிங்டன் நகரத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வரலாற்றை நாங்கள் அறிந்திருந்தோம். ஆகவே வெளியூர் அன்பர் ஒருவர் தொற்காள் போர்வைக்கு நல்ல விலை கூறியபோது எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. எங்களுள் ஒருத்தியின் மகளுக்கு அவ்வாண்டு கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. "அம்மையின் சட்டையை விற்றா பிள்ளையைப் படிக்கவைப்பது?" என்றாள் ஒருத்தி. "அம்மை உயிரோடிருந்தால் அவளே விற்றிருப்பாள்" என்றாள் மற்றொருத்தி. இரண்டும் உண்மையாகவே பட்டன. இறுதியில் கடைத்துணியால் அதேபோல் இன்னொன்று தைத்துத் தருவதாகச் சொன்னோம். அவர் மனமுவந்து ஏற்றார், கட்டணமும் செலுத்தியாயிற்று. இதனால் ஹாரியட் பவர்ஸை விட நாங்கள் உறுதியானவர்கள் என்று எண்ணிவிட வேண்டா. அன்று எங்கள் வீட்டில் பசி இல்லை, அவ்வளவே.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே! மும்பையிலோ தில்லியிலோ ஒற்றை அறையில் குடியிருப்போரும் இவ்வேலையைச் செய்யலாம். இயந்திரம் வேண்டா. ஊசியும் நூலும் கத்தரியும் போதும். ஊரிலிருந்து கொண்டுவந்து உடுத்தித் தேய்ந்த துணிகளை எறியாமல் வைத்திருங்கள். எல்லாவற்றையும் முன்பே நனைத்து உலர்த்துங்கள்; சாயம் போகும் துணியைத் தனியே நனைத்துப் பாருங்கள். ஒரு முழச் சதுரமாகத் தைத்து வைத்தால் பின்னர் இணைத்துக்கொள்ளலாம். கருவாக எடுப்பது விவிலியமாயினும் குறளாயினும், பாட்டி சொன்ன பழமொழியாயினும் ஆகுக. அதைப் படமாக வரைய விரையாமல், அச்சொல்லைத் துணி எப்படிச் செய்யும் என்று முதலில் கேளுங்கள்.

கட்டணம் செலுத்திப் படிக்கவைத்த அப்பெண்ணுக்கு இப்போது பெங்களூரில் வேலை கிடைத்துள்ளது. புறப்படும் நாளில் அவள் இரண்டாவது போர்வையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வடசேரிப் பாதியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்; பாலராமபுரத்துப் பாதி எங்களிடம் உள்ளது. அதன் ஓரத்தில் ஐம்பது காதுகளும் வெறுமையாய்த் தொங்குகின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் வரும்போது பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கின்றோம்.