இரண்டு காமாலை, இரண்டு ஊசி

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தாய்மார்கள் சிலர், "பிறந்தவுடனே காமாலைக்கு ஊசி போட்டாகிவிட்டது" என்று நிம்மதியாக இருப்பார்கள். அது பாதி உண்மையே. பிறந்த குழந்தைக்குப் போடுவது ஹெபடைடிஸ் 'பி' ஊசி. 1989-ஆம் ஆண்டு முதல் அது நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் 'ஏ' என்பது வேறு கிருமி. 'பி' இரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் பரவும். 'ஏ' கிருமியோ அசுத்தமான கை, தண்ணீர், உணவு வழியாக வாய்க்குள் போகும். ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. 'ஏ' ஊசி அந்த இலவசத் திட்டத்திலும் இல்லை.

"சிறு பிள்ளைகளுக்கு இது லேசாகத்தானே வரும், ஊசி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ஆனால் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கை சோறு பிசையும். நல்ல குழாய்த் தண்ணீரில் வளர்ந்த இன்றைய இளம் பெற்றோர் பலருக்குச் சிறு வயதில் இக்கிருமி தொற்றியதில்லை. ஆகவே எதிர்ப்புச் சக்தியும் இல்லை. பெரியவர்களுக்கு வந்தால் காய்ச்சல், வாந்தி, மஞ்சள் கண் என்று வாரக்கணக்கில் படுக்கைதான். அபூர்வமாகக் கல்லீரலே செயலிழந்து உயிர் போவதும் உண்டு.

1988-இல் ஷாங்காய் நகரில் சரியாக வேகாத சிப்பியைத் தின்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இந்நோயில் விழுந்தார்கள். நாம் விரும்பிச் சாப்பிடும் கெராங்கும் அதே இனந்தான். கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்தால் போதாது. நன்றாக வேக வேண்டும்.

இஸ்ரேல் நாடு 1999-இல் சிறு குழந்தைகளுக்கு மட்டும் 'ஏ' ஊசி போடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பெரியவர்களிடமும் நோய் வெகுவாகக் குறைந்தது. பிள்ளைக்குப் போட்ட ஊசி குடும்பத்தையே காத்தது.

காமாலை வந்தபின் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம். 'ஏ' காமாலை பெரும்பாலும் தானே ஆறிவிடுவதால், பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. கிருமியை ஒழிக்கும் தனி மருந்து இதற்கு இன்றுவரை இல்லை. வருமுன் காப்பதே வழி.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபின் முதல் ஊசி. குறைந்தது ஆறு மாதம் கழித்து இரண்டாவது. தனியார் கிளினிக்கில் பணம் கட்ட வேண்டியிருக்கும். இயன்றவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இயலாதவர்களுக்கும் சவர்க்காரம் உண்டு, கொதிக்க வைத்த தண்ணீர் உண்டு. ஊசி போட்ட வீட்டுக்கும் இவை வேண்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, குழந்தையின் தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டி, "இது 'பி'யா, 'ஏ'யா?" என்று தாதியிடம் கேளுங்கள்.