கீமோ நாளில் கூட இருப்பவர்

ஹைதராபாத் கச்சிபௌலியில் ஐ.டி. வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சொந்தபந்தம் தூரத்தில். மனைவிக்குக் கீமோ என்றால் கணவர்தான் எல்லாம்.

மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தென்றால் ஐஸ் தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். வாயில் உலோகச் சுவை தட்டினால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூன்.

தெர்மாமீட்டர் வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். பெரும்பாலும் கீமோ ஏறியதிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கூட இருப்பவரின் விழிப்பு உயிரைக் காக்கும்.