பெட்டியைத் திறந்து பார்ப்போம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கைத்தொலைபேசியிலும் கணனியிலும் சேர்ந்துகிடப்பவற்றைத் துப்புரவு செய்தல் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது, இது ஒரு சபையிலே பேசத்தக்க பொருள்தானோ என்று முதலில் ஐயுற்றேன். எனினும், "இடம் போதாது" என்னும் அறிவித்தலைக் கண்டு ஒருநாளாவது தவியாதவர் இச்சபையில் எத்தனைபேர் இருப்பர்? ஆதலின் துணிந்து பேச வந்தேன்.

நான் மிஷன் பாடசாலையொன்றின் விடுதியிலே படித்தவன். அங்கே சனிக்கிழமை காலைதோறும் பெட்டிப் பரிசோதனை நடைபெறும். நாங்கள் எங்கள் றங்குப் பெட்டிகளைத் திறந்துவைத்துப் பக்கத்திலே நிற்போம். விடுதி மேற்பார்வையாளர் ஒவ்வொரு பொருளாக எடுத்து, "இது உன்னிடம் ஏன் இருக்கிறது?" என்று ஒரே கேள்வியைக் கேட்பார். விடை சொல்லக்கூடியது பெட்டிக்குள் மீளும். விடையற்றது குப்பைக்குப் போகும். மை முடிந்த பேனாவையும் ஒற்றைச் சப்பாத்தையும் வைத்துக்கொண்டு விடை தெரியாது விழித்த நாட்கள் பல. அக்காலத்தில் எனக்கு அது தொல்லையாகத் தோன்றிற்று. இன்று என் சட்டைப் பையிலுள்ள பெட்டிக்கு அப்படியொரு மேற்பார்வையாளர் இல்லையே என்று வருந்துகிறேன்.

முன்னர் இடத்தின் அருமையே நமக்கு மேற்பார்வையாளராக இருந்தது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டு இயந்திரம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது; ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையது. அத்தனை பெரிய இயந்திரம் கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே ஏறக்குறைய அவ்வளவு இடத்தைப் பிடித்துவிடுகிறது. 128 ஜிகாபைட் தொலைபேசியோ அவ்வியந்திரத்தைப்போல் 25,000 மடங்கு கொள்ளும். அது நிறைவதற்குக் காரணம் இடம் சிறிதென்பதன்று. எதை வைப்பது என்று எவரும் நம்மைக் கேளாமையே. வாட்ஸ்அப் குழுவொன்றில் ஒருவர் காலை வணக்கப் படமொன்றை அனுப்பினால், நாம் கேளாமலே அது எல்லோருடைய தொலைபேசியிலும் சென்று குடியேறுகிறது. நாம் சேமிக்கவில்லை, நம்மிடம் சேர்ந்துவிடுகிறது.

இதனால் என்ன கேடு என்பீர்கள். என் அனுபவமொன்றைச் சொல்லுகிறேன். முதலாம் வருடப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு, விரிவுரைக் குறிப்பொன்றை இறக்க முயன்றேன், இடமில்லை. ஆத்திரத்தில் எங்கள் குடும்பக் குழுவைத் திறந்து, அங்கிருந்த படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒருசேரத் தெரிந்து அழித்துவிட்டேன். எல்லாம் பழங்களையும் பூக்களையும் காட்டும் காலை வணக்கங்கள் என்பது என் எண்ணம். ஆறு மாதம் கழித்து என் அம்மம்மா காலமானார். அந்தியேட்டி முடிந்தபின் ஒருநாள் அம்மா, "அம்மம்மா வேப்பம்பூ வடகத்துக்குப் பக்குவம் சொன்னது உன்ரை போனிலை இருக்கெல்லே, ஒருக்காப் போடு தம்பி" என்றார். அம்மாவின் பழைய தொலைபேசி அதற்கு முன்பே பழுதாய்விட்டது. என்னிடமும் இல்லை. அந்த நூறு வணக்கங்களுக்கிடையே அந்தக் குரலும் கிடந்து, அவற்றோடு போய்விட்டது.

கனடாவிலுள்ள பெரியம்மா ஒரேயொரு ஒலிப்பதிவை மாத்திரம் தமது கணனியில் எடுத்துவைத்திருந்தார். "ராசா, சாப்பிட்டியே?" என்று தொடங்கும் சிறு பேச்சு அது. வடகத்தின் பக்குவம் திரும்பவில்லை.

அன்பர்களே, அன்று நான் கற்ற பாடம் இதுவே: எல்லாவற்றையும் சேர்த்துவைப்பதும், எல்லாவற்றையும் அழிப்பதும் ஒரே குற்றம். இரண்டிலும் நாம் பார்ப்பதில்லை; தெரிவதில்லை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பனையோலை ஏடு செல்லரிக்கும். அழியுமுன் வேறோர் ஏட்டில் எழுதவேண்டும். எழுதுவதோ பெரும் உழைப்பு. ஆதலின் எதை எழுதுவது என்று ஒவ்வொரு தலைமுறையும் தெரிந்தெடுத்தது. எழுதுவாரின்றி விடப்பட்டவை மறைந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அத்தகைய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஒரு பிரதி பலவாகியது. மறுபுறத்தில், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; வேறெங்கும் பிரதியில்லாதவை நிரந்தரமாகவே போயின. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து யாவரும் படிக்க வைத்திருக்கிறது. தெரிந்தெடுத்தல், பிரதி செய்தல் என்னும் இரண்டுமே காத்தல் ஆகும்.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, அழிக்குமுன் காப்பாற்றுங்கள். குடும்பப் படம், பெரியோர் குரல், சான்றிதழ், காணி உறுதியின் படம் ஆகியவற்றைத் தனிக் கோப்புறையில் இட்டு, திகதியும் பெயரும் எழுதுங்கள். மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது அறிந்தோர் கூறும் விதி. தொலைபேசி ஒன்று, வன்தட்டு ஒன்று, வெளியூரிலுள்ள உறவினரிடம் ஒன்று என வைத்தால் போதும்.

இரண்டாவது, வாயிலை அடையுங்கள். வாட்ஸ்அப் செற்றிங்ஸில் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை நிறுத்தலாம்.

மூன்றாவது, பெரியவற்றிலிருந்து தொடங்குங்கள். அதே செற்றிங்ஸில், 5 மெகாபைட்டுக்கு மேற்பட்டவையும், பலமுறை கைமாறி வந்தவையும் வேறுவேறாகக் காட்டப்படும். நூறு படங்களை அழிப்பதிலும் நீண்ட வீடியோ இரண்டை அழிப்பது கூடிய இடம் தரலாம். கணனியிலே இறக்கியவை சேரும் கோப்புறையை முதலிற் பாருங்கள். ஒரே கோப்பு மூன்றுமுறை கிடக்கும்.

எச்சரிக்கையும் சில உண்டு. கூகுள் போட்டோஸ் இணைப்பில் இருக்கும்போது அங்கே ஒரு படத்தை அழித்தால், அது தொலைபேசியிலிருந்தும் போய்விடும். "இரண்டிடத்தில் இருக்கிறது" என்று மயங்காதீர்கள். செயலிகளின் தற்காலிகச் சேமிப்பை நீக்குவதால் தீங்கில்லை. அவற்றின் தரவு முழுவதையும் நீக்கினால், அங்கே மாத்திரம் இருந்தவை அழிந்துபோகும். இணையச் சேமிப்பும் எல்லையற்ற கொடையன்று: கூகுள் போட்டோஸின் எல்லையற்ற இலவச இடம் 2021 யூன் 1ஆம் திகதியோடு நின்றுவிட்டது.

இளைஞரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாரம் ஒருநாள் மாலை, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் அருகே அமர்ந்து, அவருடைய தொலைபேசியை அவரோடு சேர்ந்து பாருங்கள். அவரைக் கேளாமல் ஒன்றையும் அழிக்காதீர்கள். பெரியோரே, பிள்ளைகள் வந்து கேட்டால், எந்தப் படத்தில் யார் நிற்கிறார் என்று சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத படம் அடுத்த தலைமுறையிலே குப்பையாகிவிடும்.

"இது உன்னிடம் ஏன் இருக்கிறது?" என்று இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும். விடையுள்ளவற்றை இரண்டிடத்தில் வைப்போம். விடையற்றவற்றை மனத்துணிவோடு விடுவோம். எங்கள் வீட்டிலே இவ்வருடமும் வடகம் செய்தார்கள். அம்மா நினைவிலிருந்து செய்தார். நான் அருகேயிருந்து எழுதிக்கொண்டேன். அதன் பிரதியொன்று கனடாவுக்கும் போயிருக்கிறது.