மெழுகு வழங்கியோர்



தூத்துக்குடியிலும் சென்னையிலும் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் 'ஷிப் சாண்ட்லர்ஸ்' என்று எழுதிய பெயர்ப்பலகைகளைக் காணலாம். துறைக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் முதலிய பொருள்களை வழங்கும் வணிகர்களின் பலகைகள் அவை. அந்தக் கடைகளில் மெழுகுவர்த்தி கேட்டுச் செல்பவர் அரியர். ஆயினும் 'சாண்ட்லர்' என்ற சொல்லின் முதற்பொருள் மெழுகுவர்த்தி செய்து விற்பவர் என்பதே. இலத்தீன் மொழியில் மெழுகுவர்த்தியைக் குறிக்கும் 'கண்டேலா' என்னும் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து இவ்வடிவம் பெற்றது. மெழுகுவர்த்தி விற்றவர் சோப்பும் எண்ணெயும் பிற பண்டங்களும் சேர்த்து விற்கத் தொடங்கினார். நாளடைவில் எந்தப் பண்டத்தையும் வழங்குபவருக்கு அச்சொல் பொதுப்பெயராயிற்று. பெயர் நிலைத்தது; பெயருக்குக் காரணமான பண்டம் அதிலிருந்து கழன்றுவிட்டது.

ஒரு சொல்லுக்கு நேர்ந்த இந்த மாற்றத்தில் ஒரு தொழிலின் வரலாறே அடங்கியிருக்கிறது. மெழுகுவர்த்தித் தொழிலை மின்விளக்கு அழித்தது என்று கூறுவது வழக்கம். அது முழு உண்மை அன்று. மெழுகுவர்த்தி அழியவில்லை, இன்றும் தேவாலயத்திலும் உணவகத்திலும் பிறந்தநாள் விழாவிலும் எரிகிறது. நலிந்தவர்கள் வேறு. மெழுகு, திரி, அச்சு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்து, பக்குவம் பார்த்து, வர்த்தி வார்ப்போருக்கு வழங்கி வந்த வணிகர்களே நலிந்தவர்கள். அதன் காரணத்தை ஆராய்வது பயனுடையது.

லண்டன் நகரில் மெழுகுவர்த்தி வணிகர்களுக்கு ஒன்றல்ல, இரண்டு சங்கங்கள் இருந்தன. விலங்குக் கொழுப்பினால் வர்த்தி செய்தோரின் சங்கம் 1462இல் அரச பட்டயம் பெற்றது. தேன்மெழுகினால் வர்த்தி செய்தோரின் சங்கம் 1484இல் பெற்றது. இரு சாராரும் ஒளியையே விற்றனர். ஆயினும் ஒரே சங்கத்தில் அமரவில்லை. காரணம் மூலப்பொருள். ஒருவருக்கு மூலப்பொருள் தந்தது இறைச்சிக் கடை. மற்றவருக்குத் தந்தது தேனடை. கொழுப்பு வர்த்தி ஏழையின் வீட்டில் புகையோடும் நாற்றத்தோடும் எரிந்தது. தேன்மெழுகு வர்த்தி தேவாலயத்திலும் செல்வர் மாளிகையிலும் தூய்மையாக எரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தம் ஏற்பட்டு வழிபாட்டு முறை மாறியபோது தேன்மெழுகு வணிகருக்குப் பேரிழப்பு நேர்ந்தது. அவர்களுடைய சரக்கில் குறையில்லை; கைத்திறனிலும் குறையில்லை. வேறெங்கோ நிகழ்ந்த மாற்றம் அவர்களுடைய கடையைத் தாக்கியது. இத்தொழிலின் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம்.

1709இல் பிரிட்டனில் மெழுகுவர்த்தி மீது வரி விதிக்கப்பட்டது. உரிமம் பெற்று வரி செலுத்தாமல் வீட்டில் வர்த்தி செய்துகொள்வதும் தடுக்கப்பட்டது. 1831இல் அவ்வரி நீக்கப்பட்டது. அதற்குள் தொழில் அடியோடு மாறத் தொடங்கியிருந்தது. பிரெஞ்சு வேதியியலார் செவ்ரெல் கொழுப்பை ஆராய்ந்து, அதிலுள்ள கெட்டியான அமிலங்களைத் தனியே பிரிக்கலாம் என்று காட்டினார். அவ்வாறு பிரித்த ஸ்டீரின் நாற்றமின்றி எரிந்தது, எளிதில் இளகவில்லை. 1825இல் காம்பாசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். அதுவரை எரிந்த திரியின் நுனியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னல் திரியோ எரியும்போது வளைந்து, சுடரின் விளிம்பைத் தொட்டுத் தானே சாம்பலாகிவிடும். திரி கத்தரிக்கும் கத்தரிக்கோலுக்கு அன்றே வேலை குறைந்தது.

இந்தக் கட்டத்தில்தான் தமிழர் வாழும் தீவொன்றின் தென்னை இவ்வரலாற்றுக்குள் வருகிறது. 1830இல் வில்லியம் வில்சன், பெஞ்சமின் லங்காஸ்டர் என்னும் இருவர் லண்டனில் ஒரு மெழுகுவர்த்தி நிறுவனத்தைத் தொடங்கினர். அதற்கு எட்வர்ட் பிரைஸ் நிறுவனம் என்று பெயரிட்டனர்; பங்காளிகள் இருவரில் எவரும் பிரைஸ் என்ற பெயருடையவர் அல்லர். தேங்காய்க் கொழுப்பிலிருந்து கெட்டிப் பகுதியைப் பிரித்தெடுக்கும் காப்புரிமையை விலைக்கு வாங்கிய அவர்கள், இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோப்பிலும் முதலீடு செய்தனர். ஸ்டீரினும் தேங்காயெண்ணெயும் கலந்த அவர்களுடைய வர்த்தி, 1840இல் விக்டோரியா அரசியின் திருமணத்தையொட்டி வீட்டுச் சாளரங்களில் விளக்கேற்றும் வழக்கத்தால் புகழ் பெற்றது. திரி கத்தரிக்க வேண்டாத, மலிவான வர்த்தி அது. பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவின் பனையெண்ணெயும், 1850களில் ரங்கூனிலிருந்து சென்ற கச்சா எண்ணெயும் அதே ஆலைக்குள் புகுந்தன. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகின் மிகப் பெரிய மெழுகுவர்த்தி நிறுவனம் என்று அது பெயர் பெற்றது. இறைச்சிக் கடைகளில் கொழுப்பைத் திரட்டி உருக்கி வர்த்திக்காரர்களுக்கு வழங்கிய பழைய வணிகர்களின் காலம் அத்துடன் சாய்ந்தது.

அடுத்த மாற்றம் பாரபின் மெழுகு. 1850இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியைக் காய்ச்சி வடித்து பாரபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பெட்ரோலியமே அதன் பெருமூலமாயிற்று. கச்சா எண்ணெயிலிருந்து இயந்திரங்களுக்கான உயவு எண்ணெய் எடுக்கும்போது, குளிரில் உறையக்கூடிய மெழுகை நீக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு நீக்கிய மெழுகைத் தூய்மைப்படுத்தினால் வெண்மையான பாரபின் கிடைக்கிறது. ஸ்டீரின் விலையோடு இதன் விலை போட்டியிட்டது, வென்றது. 1919இல் பிரைஸ் நிறுவனத்தை லீவர் சகோதரர்கள் வாங்கினர். 1922இல் எண்ணெய் நிறுவனங்களும் அதில் பங்கு கொண்டன. மெழுகு உடையவரே மெழுகுவர்த்தி ஆலையையும் உடையவரானார்.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. கொழுப்பு வர்த்தி இறைச்சித் தொழிலின் மிச்சத்தில் வாழ்ந்தது. தேன்மெழுகு வர்த்தி தேன் எடுத்தபின் எஞ்சிய அடையில் வாழ்ந்தது. பாரபின் வர்த்தி உயவு எண்ணெயின் மிச்சத்தில் வாழ்கிறது. மெழுகுவர்த்திக்கென்றே பெருமளவில் உண்டாக்கப்பட்ட மூலப்பொருள்கள் மிகச் சில. பிற தொழிலின் மிச்சத்தைத் திரட்டி, அதைச் சுடருக்குத் தகுதியாக்கி, வார்ப்பவர் கையில் சேர்ப்பவரே மெழுகு வணிகர். அவர் நின்ற இடம் இரண்டு தொழில்களின் நடுவிடம். ஆகவே எந்தப் பக்கம் அசைந்தாலும் முதலில் விழுந்தவர் அவரே.

இந்திய நிலையும் இதற்கு விலக்கன்று. 1901இல் அசாமின் டிக்பாய் நகரில் அமைந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை பாரபின் மெழுகுக்குப் பெயர் பெற்றது. சென்னையை அடுத்த மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையில் 1984இல் ஆண்டுக்கு 30,000 டன் திறனுடைய மெழுகுப் பிரிவு தொடங்கப்பட்டது. மெழுகுவர்த்திக்கு மட்டுமன்றித் தீப்பெட்டித் தொழிலுக்கும் அம்மெழுகு தேவை. தீக்குச்சியின் நுனியை மெழுகில் தோய்த்தால்தான் மருந்தின் நெருப்பு குச்சியைப் பற்றும். 1972இல் நடுவணரசு பாரபின் மெழுகின் வழங்கலையும் விலையையும் ஒழுங்குபடுத்தி ஆணை பிறப்பித்தது. மெழுகுவர்த்தி உற்பத்தி சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகங்கள் கிடங்குகள் வழியாக மெழுகை வழங்கின. ஒதுக்கீட்டு மெழுகு வாங்கி, சிறிய கொட்டகையில் அலுமினிய அச்சில் திரி பூட்டி, உருக்கிய மெழுகை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் குளிரவைத்து எடுக்கும் குடும்பங்கள் பல உண்டாயின. அக்குடும்பங்களை நம்பித் திரிநூல், அச்சு, சாயம், ஸ்டியரிக் அமிலம் விற்கும் கடைகளும் உண்டாயின.

அக்கடைகள் விற்றது சரக்கை மட்டுமன்று. சித்திரை வெயிலில் வர்த்தி வளைந்தால், உருகுநிலை கூடிய மெழுகு வேண்டும். அல்லது ஸ்டியரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அச்சிலிருந்து வர்த்தி பிரியாமல் ஒட்டிக்கொண்டாலும் அந்த அமிலமே மருந்து. திரி பருத்திருந்தால் சுடர் புகையும், மெழுகு வழியும். திரி மெலிந்திருந்தால் உருகிய மெழுகில் மூழ்கிச் சுடர் அணையும். வர்த்தியின் பருமனுக்கேற்பத் திரியில் எத்தனை இழை வேண்டும் என்பது அனுபவத்தால் அறிவது. குறைபட்ட வர்த்தியைக் கொண்டுவந்து காட்டினால், எரிந்த நுனியைப் பார்த்தே காரணம் சொல்பவர் கடைக்காரர். இந்த அறிவு எந்தப் பாடநூலாலும் ஊர்தோறும் பரவவில்லை. கடைப்பலகைக்கு இருபுறமும் நின்றவர்களின் பேச்சினாலேயே பரவியது.

2015 ஏப்ரலில், சிறுதொழிலுக்கு எஞ்சியிருந்த கடைசி 20 பொருள்களின் ஒதுக்கீடும் நீக்கப்பட்டது. ஊறுகாய், தீப்பெட்டி, பட்டாசு, அகர்பத்தி ஆகியவற்றோடு மெழுகுவர்த்தியும் அப்பட்டியலில் இருந்தது. அதற்கு முன்பே இன்வெர்ட்டரும் எல்.இ.டி. அவசர விளக்கும் வீடுகளில் நுழைந்திருந்தன. மின்வெட்டு நேர்ந்தவுடன் மளிகைக் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பொட்டலம் வர்த்தி வாங்கும் வழக்கம் தேய்ந்தது. வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களில் மட்டும் தேவை குன்றவில்லை.

ஆனால் மின்விளக்கையே காரணமாகக் கூறி முடித்துவிட இயலாது என்பதற்கு மேலைநாடுகளே சான்று. அங்கே மின்சாரம் வந்து நூற்றாண்டு கடந்தபின், 1990களில் நறுமண வர்த்தியும் அலங்கார வர்த்தியும் பெருமளவில் விற்றன. அந்தச் செழிப்பின் நடுவிலேயே பழைய நிறுவனங்கள் தளர்ந்தன. 1986இல் அமெரிக்கா சீனத்துப் பாரபின் மெழுகுவர்த்திகள் மீது 54.21 சதவீதப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது; 2004இல் அது 108.30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2009இல் அத்தகைய வரியை விதித்தது. விக்டோரியா காலத்தில் உலகை ஆண்ட பிரைஸ் நிறுவனம் 2001இல் கடனால் தள்ளாடி, நீதிமுறை நிர்வாகிகளின் பொறுப்பில் சென்றது. பின்னர் பெயர் மட்டும் பிறர் கைக்கு மாறித் தொடர்ந்தது. வர்த்தி முழுமையாக வார்க்கப்பட்டுக் கண்ணாடிக் குவளையோடு கப்பலில் வந்திறங்கும்போது, திரியைக் கிலோக் கணக்கில் வாங்குபவர் யார்? அச்சைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர் யார்? வரி ஓரளவு தடுத்தது. வார்ப்பவரைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

மெழுகின் ஊற்றும் வற்றுகிறது. புதிய வாகனங்களுக்கு மெல்லிய, உயர்தர உயவு எண்ணெய் வேண்டும். அதை உண்டாக்கும் புதிய முறையில் மெழுகு தனியே பிரிந்து வருவதில்லை. அதுவும் எண்ணெயாகவே மாற்றப்படுகிறது. பழைய முறையில் இயங்கிய ஆலைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 16ஆம் நூற்றாண்டில் பலிபீடத்தில் நிகழ்ந்த மாற்றம் தேன்மெழுகுக் கடையைத் தாக்கியதுபோல, இந்த நூற்றாண்டில் வாகன இயந்திரத்தில் நிகழ்ந்த மாற்றம் பாரபின் கடையைத் தாக்குகிறது. 1990களில் அமெரிக்காவில் தோன்றிய சோயா மெழுகு அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. அதை வாங்குவோரில் பலர் பொழுதுபோக்குக்காக வார்ப்பவர். அஞ்சலில் பொட்டலமாகப் பெறுபவர். பொட்டலத்தில் மெழுகு வருகிறது. எரிந்த நுனியைப் பார்த்துக் குறை சொல்லும் கண் வருவதில்லை.

1860ஆம் ஆண்டின் முடிவில், லண்டன் அரச நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே இளைஞர்களுக்காக மெழுகுவர்த்தியின் வேதியியல் பற்றி ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். விலங்குக் கொழுப்பு, திமிங்கலக் கொழுப்பு, தேன்மெழுகு, பாரபின், ஜப்பான் மெழுகு ஆகியவற்றை மேசைமேல் வைத்துக் காட்டியே அவர் தொடங்கினார். உலகின் பெரிய அறிவியலாளர் ஒருவரின் மேசை, அந்நாளைய மெழுகுக் கடை ஒன்றின் சிறு வடிவமாக இருந்தது. பொருளைக் கையில் எடுத்துக் காட்டாமல் அறிவைக் கைமாற்ற இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். கடைக்காரர்கள் அதை அவருக்கு முன்பே அறிந்திருந்தனர்.

லண்டனில் அவ்விரு சங்கங்களும் இன்றும் இருக்கின்றன. மண்டபங்கள் இருக்கின்றன, அறப்பணிகள் நடைபெறுகின்றன. ஆனால் உறுப்பினர்களின் பிழைப்பு மெழுகில் இல்லை. பட்டயம் எழுதப்பட்டதால் சங்கத்தின் பெயர் பிழைத்தது. தமிழகத்து மெழுகுக் கடைகளுக்குப் பட்டயம் இல்லை. தமிழகத்தில் மெழுகுவர்த்தி என்றும் இலங்கையில் மெழுகுதிரி என்றும் வழங்கும் இப்பொருளுக்கு, வார்ப்பவரும் வழங்குபவரும் தம்முள் பேசிக்கொண்ட தொழிற்சொற்கள் எத்தனையோ உண்டு. திரிக்கும் அச்சுக்கும் மெழுகின் பதத்துக்கும் ஊருக்கு ஊர் பெயர்கள் இருக்கும். அவற்றைத் தொகுக்க அரசாணை வேண்டியதில்லை; கடை மூடுவதற்கு முன் ஒருவர் ஏட்டுடன் சென்று அமர்ந்தால் போதும். சொற்களைப் பேணுவதற்கென்றே கூடிய ஓர் இலக்கிய வட்டம், பதினொன்றாம் ஆண்டில் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று. அது செய்யப்படாவிட்டால், துறைமுகத் தெருவின் பலகையைப் போலப் பெயர் மட்டும் எஞ்சும். அப்பெயர் எதனைக் குறித்தது என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.