யப்பானியர் வாழ்விற் புள்ளிக் கணக்கு



யப்பான் நாட்டைப்பற்றிப் பேசப் புகுவோர் பூசி மலையின் எழிலையும், செரிப் பூக்களின் பொலிவையும், காற்றெனச் செல்லும் புகையிரதங்களின் விரைவையுமே பெரும்பாலும் எடுத்துரைப்பர். இன்று நான் பேசவெடுத்த பொருள் அவை எல்லாவற்றினும் சிறியது. அதன் பெறுமதி ஒரேயொரு யென். அதற்குப் பெயர் புள்ளி. கடனட்டையாலோ கைத்தொலைபேசியாலோ பணஞ் செலுத்துவோர்க்கு நன்றிக்கடனாக வழங்கப்படும் இப்புள்ளி, அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வில் எத்துணை இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது என்பதையும், அட்டைப் புள்ளி சிறந்ததா தொலைபேசிப் புள்ளி சிறந்ததா என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

சென்ற ஆண்டுப் பாடசாலை விடுமுறையின்போது, தோக்கியோவுக்கு வடக்கேயுள்ள சைத்தாமாவில் வாழும் என் மருமகளின் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தேன். மருமகள் என்றது என் தங்கையின் மகளை. வந்திறங்கிய அன்று மாலையே பாலும் பாணும் வாங்கவென அவளோடு கடைக்குப் புறப்பட்டேன். காசாளர் பெண்மணி தலைதாழ்த்தி வணங்கி ஏதோ கேட்டார். "புள்ளி அட்டை வைத்திருக்கிறீர்களா?" என்பது அதன் பொருளென்று மருமகள் சொன்னாள். நான் அங்கிருந்த நாளெல்லாம் மருந்துக் கடையிலும், புத்தகக் கடையிலும், எண்ணெய் நிரப்பும் நிலையத்திலும் அவ்வினாவையே கேட்டேன். அவள் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு கோட்டுக்குறியைக் காட்டினாள். அது கடையின் புள்ளிக்கு. அதே தொலைபேசியால் உடனே பணத்தைச் செலுத்தினாள். அது கொடுப்பனவுக் கம்பனியின் புள்ளிக்கு. "மாமா, ஒரே பாலுக்கு இரண்டு இடத்திற் புள்ளி" என்று சிரித்தாள்.

இங்ஙனம் புள்ளி சேர்க்கும் முயற்சிக்கு யப்பானியர் 'பொயிகத்சு' என்று பெயரிட்டுள்ளனர். 'பொயிந்தோ' என்பது புள்ளி. 'கத்சுதோ' என்பது செயற்பாடு. இரண்டின் தலைகளையும் ஒட்டிய சொல் அது. தமிழ்ச் செவிக்கு அதன் முதலெழுத்துக்கள் 'பொய்' என்று கேட்கின்றன. அது தற்செயலே. ஆயினும் இப்பேச்சின் இறுதியில், அப்பெயர் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இவ்வழக்கம் திடீரென முளைத்ததன்று. வாங்கிய பொருளுக்கு முத்திரை கொடுத்து, அம்முத்திரைகளை ஏட்டில் ஒட்டி வருவோர்க்குப் பரிசு வழங்கும் முறை யப்பானில் நெடுங்காலமாக இருந்தது. 1989இல் யொதொபசி கமெரா என்னும் கடை, கோட்டுக்குறி பொறித்த புள்ளி அட்டையை வழங்கத் தொடங்கியது. அக்கடைப் புள்ளியை அக்கடையிலேயே செலவிடலாம். 2003இல் தோன்றிய 'ரீ புள்ளி' ஒரே அட்டையைப் பல கடைகளுக்கும் பொதுவாக்கியது. அது 2024 ஏப்ரலில் ஒரு பெருவங்கிக் குழுமத்தின் புள்ளியோடு இணைந்து 'வீ புள்ளி' ஆயிற்று. இன்று றக்குத்தென், பொன்தா, டீ, பேபே என்று பல புள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. பெரும்பாலும் ஒரு புள்ளி ஒரு யென்னுக்குச் சமம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். முதலிற் கடனட்டை. றக்குத்தென் அட்டையை எடுத்துக்கொண்டால், 100 யென் செலவுக்கு 1 புள்ளி. அதாவது நூற்றுக்கு ஒன்று. ஆனால் மின்சாரம், நீர், வரி முதலியவற்றைச் செலுத்தினால் 500 யென்னுக்கே 1 புள்ளி. அடுத்தது கைத்தொலைபேசி. 2018 அக்டோபரில் தொடங்கிய பேபே என்னும் சேவையில் அடிப்படை வீதம் 200 யென்னுக்கு 1 புள்ளி, நூற்றுக்கு அரை. மாதம் 1,00,000 யென் செலவிடும் குடும்பமொன்றுக்கு அட்டையால் 1,000 யென்னும் தொலைபேசியால் 500 யென்னும் மீளும். ஆண்டுக்கு முறையே 12,000, 6,000. வேறுபாடு மாதத்துக்கு 500 யென். அங்கே எளியதொரு நண்பகலுணவின் விலை.

இது கரும்பலகைக் கணக்கு. வாழ்க்கைக் கணக்கில் 'மிச்சம்' என்றொன்று உண்டு. 190 யென் பெறுமதியான பொருளைப் பத்து நாள் பத்து முறை வாங்கினால், 200 யென்னுக்கொரு புள்ளி என்னும் முறையில் ஒரு புள்ளியேனுங் கிடையாது. அதே பொருள்களை ஒருமுறையில் 1,900 யென்னுக்கு வாங்கினால் 9 புள்ளி. றக்குத்தென் அட்டை முன்பு மாத முழுத்தொகைக்கே புள்ளி கணித்தது. 2023 நவம்பர் முதல் ஒவ்வொரு கொள்வனவுக்கும் தனித்தனியே கணிக்கின்றது. ஆகவே அப்பத்து முறைக்கும் 19 புள்ளிக்குப் பதிலாகப் 10 புள்ளியே கிட்டும். சில்லறையாக வாங்கும் சிறு குடும்பத்தையே இம்மிச்சம் பெரிதுந் தாக்குகின்றது.

அப்படியாயின் மக்கள் தொலைபேசியை நாடுவானேன்? விடை எளிது. அட்டையை ஏற்கும் பொறி இல்லாத சிறு கடைகளும் தொலைபேசியை ஏற்கின்றன. கடைக்காரர் ஒரு சதுரக் குறியை அச்சிட்டு மேசைமேல் வைத்தாற் போதும். அச்சதுரக் குறியும் யப்பானியரின் ஆக்கமே. 1994இல் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசகிரோ ஹரா என்னும் பொறியியலாளரும் அவர் குழுவினரும், மோட்டார் வண்டி உறுப்புக்களைக் கணக்கிட்டுக் கண்காணிப்பதற்காக அதனை அமைத்தனர். கருங்காயும் வெண்காயும் வைத்தாடும் 'கோ' என்னும் ஆட்டத்தின் பலகை அவர்க்கு அதன் வடிவை உணர்த்தியது என்பர்.

ஆயினும் மக்கள் மனத்தை மாற்றியது கருவி மட்டுமன்று, பரிசும் மாற்றியது. 2018 டிசம்பர் 4ஆம் நாள் பேபே நிறுவனம் 1,000 கோடி யென்னை வாடிக்கையாளர்க்குத் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. செலவிட்டதில் நூற்றுக்கு 20 வீதம் மீளும். அடுத்த ஆண்டு மார்ச்சு இறுதிவரை நடைபெறவேண்டிய அத்திட்டம் பத்தே நாளில் முடிந்துபோயிற்று. தொகை அவ்வளவு விரைவிற் கரைந்துவிட்டது! 2019 அக்டோபரில் அரசாங்கம் நுகர்வு வரியை 8இலிருந்து 10 வீதமாக உயர்த்தியபோது, அதுவும் இவ்வழியையே பின்பற்றியது. காசின்றிப் பணஞ் செலுத்துவோர்க்குச் சிறு கடைகளில் 5 வீதமும், பெருங் கம்பனிகளின் பெயரில் நடக்கும் கிளைக் கடைகளில் 2 வீதமும் 2020 யூன் இறுதிவரை வழங்கப்பட்டன. 2010இல் நூற்றுக்கு 13 அளவில் இருந்த காசில்லாக் கொடுப்பனவு 2024இல் 42.8 வீதமாக உயர்ந்தது. அதில் எட்டுப் பங்குக்கு மேல் இன்னமுங் கடனட்டையினது. சதுரக் குறிக் கொடுப்பனவு ஏறக்குறையப் பத்திலொரு பங்கே.

நேயர்களே, இவ்விடத்தில் ஒரு வினா எழவேண்டும். எவரும் எவருக்கும் எதையும் வீணே கொடுப்பதில்லை. அவ்வாறாயின் இப்புள்ளிக்குரிய பணத்தைக் கொடுப்பவர் யார்?

என் மருமகளின் வீட்டுக்கு அண்மையில் ஒரு மரக்கறிக் கடை இருந்தது. முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் நடத்தினர். 'காசு மட்டும்' என்று ஓர் அட்டையிற் கையால் எழுதிக் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். முன்பு தொலைபேசிக் கொடுப்பனவையும் ஏற்றவர்கள்தாம். கட்டணம் அறவிடத் தொடங்கியபின் நிறுத்திவிட்டனர். கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். 1,000 யென்னுக்கு மரக்கறி விற்குங் கடைக்காரர், கடனட்டையை ஏற்றால் நூற்றுக்கு மூன்று அளவில், ஏறக்குறைய 30 யென்னைக் கட்டணமாக இழக்கக்கூடும். பேபே சிறு கடைகளுக்கு 2021 செப்டெம்பர் வரை கட்டணமின்றிச் சேவை புரிந்தது, அதன்பின் 1.6 அல்லது 1.98 வீதம் அறவிடுகின்றது. கடைக்காரரிடமிருந்து 20 யென்னோ 30 யென்னோ கழிகின்றது. வாங்குவோர்க்கு 5 யென்னோ 10 யென்னோ பரிசாக வருகின்றது. நடுவே நிற்பது நடுவிலுள்ளோர்க்கு.

கடைக்காரர் அவ்விழப்பைத் தாங்கமாட்டாது விலையிற் சிறிது ஏற்றுவாராயின், அவ்வேற்றத்தை அட்டை வைத்திருப்பவருஞ் செலுத்துகின்றார். சில்லறையை எண்ணிக் கொடுக்கும் மூதாட்டியுஞ் செலுத்துகின்றார். முன்னவர்க்குப் புள்ளி மீளுகின்றது. பின்னவர்க்கு ஒன்றும் மீள்வதில்லை. கருவியை அறியாத முதியோரும், கடனட்டை பெறும் தகுதியில்லாத வறியோரும், வசதியுடையோரின் பரிசுக்குத் தம்மையறியாமலே பங்கு செலுத்துகின்றனர். இதனையே இன்றைய பேச்சின் நடுப்பொருளாக உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். அட்டைக்கும் தொலைபேசிக்கும் இடையிலுள்ள அரை வீத வேறுபாட்டினும், புள்ளி பெறுவோர்க்கும் பெறாதோர்க்கும் இடையிலுள்ள வேறுபாடே பெரிது.

மற்றோர் ஆபத்து, புள்ளி செலவை வழிநடத்தத் தொடங்குவது. புள்ளிகளிற் பல காலவரையறை உடையன. சில, சின்னாட்களிற் காலாவதியாகும். "இன்றிரவுக்குள் 300 புள்ளி அழிந்துவிடும்" என்னுஞ் செய்தி வந்ததும், வேண்டாத பொருளொன்றை 1,500 யென் கொடுத்து வாங்குவோரும் உளர். அதனினுங் கொடியது தவணைமுறை. கடனட்டைக் கடனை மாதந்தோறுஞ் சிறு தொகையாகச் செலுத்தும் முறையை ஏற்போர்க்குப் பெருந்தொகைப் புள்ளி தருவதாக விளம்பரங்கள் அழைக்கின்றன. அம்முறையில் வழக்கமான வட்டி ஆண்டுக்கு 15 வீதம். 1,00,000 யென்னைச் செலவிட்டு 1,000 புள்ளி பெற்றவர், அக்கடனை ஓராண்டு முழுவதுஞ் சுமந்தால் வட்டி 15,000 யென். இது மீனைக் காட்டித் தூண்டிலை விழுங்கச் செய்யும் வித்தையன்றோ?

கருவியை மட்டும் நம்புவதிலுங் குறையுண்டு. 2018 செப்டெம்பரில் ஒக்கைடோவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது அத்தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அட்டையும் தொலைபேசியும் பயன்படாதபோது, கையிற் காசு வைத்திருந்தவரே உணவு வாங்கினர்.

ஆனால் யப்பானியர் இதனையெல்லாம் அறியாத மக்களல்லர். 1904இலேயே ஹனி மொதொகோ என்னும் அம்மையார் குடும்பக் கணக்கேட்டை அச்சிட்டு வெளியிட்டார். பத்திரிகைத் துறையிற் பெண்களுக்கு முன்னோடியாக விளங்கிய அவர், பின்னர் 1921இற் பாடசாலையொன்றையும் நிறுவினார். அன்று தொட்டு வரவு செலவை எழுதிவைக்கும் பழக்கம் அந்நாட்டு இல்லங்களில் வேரூன்றியது. என் மருமகளும் அத்தகைய ஏடொன்றை வைத்திருக்கின்றாள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளி கிடைத்த நாளில் அதனை அவள் வரவாக எழுதுவதில்லை. அப்புள்ளியால், வாங்கவேண்டிய அரிசியொன்றை வாங்கிய நாளில், அரிசிச் செலவைக் குறைத்து எழுதுகின்றாள். "கிடைத்தபோது எழுதினால் பணக்காரி ஆகிவிட்டேன் என்று தோன்றும், மாமா" என்றாள். அந்தக் 'காசு மட்டும்' கடையில் மரக்கறி வாங்குவதையும் அவள் நிறுத்தவில்லை. அங்கே புள்ளியில்லை, ஆனால் கீரைக்கட்டோடு இரண்டு மிளகாய் கூட வரும்.

இறுதியாக இன்னொரு புள்ளியைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தால், பாடசாலை அதிபன் என்னும் முறையில் நான் கடமை தவறியவனாவேன். 1960இல் யப்பானில் 'பெல் மார்க்' என்னும் மணிக்குறி இயக்கம் தொடங்கிற்று. ஒத்துழைக்கும் கம்பனிகளின் பொருட்கட்டுக்களிற் சிறு மணியொன்றின் படமும் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளைகள் அதனை வெட்டியெடுத்துப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வர். பெற்றார் ஆசிரியர் சங்கத்தினர் தரம் பிரித்து எண்ணி அனுப்புவர். அங்கும் ஒரு புள்ளி ஒரு யென்னே. அத்தொகையாற் பந்தும், நூலும், இசைக்கருவியும் பாடசாலைக்கு வாங்கப்படுகின்றன. அவ்வாறு வாங்கும்போது, விலையிற் பத்திலொரு பங்கு, தொலைதூரப் பாடசாலைகளுக்கும், விசேட தேவையுடைய பிள்ளைகளின் பாடசாலைகளுக்கும், இயற்கைச் சீற்றத்தாற் பாதிக்கப்பட்ட பாடசாலைகளுக்கும் உதவியாகச் செல்கின்றது. கடுகளவு கடதாசித் துண்டுகளை எண்ணுவது தாய்மார்க்குப் பெருஞ்சுமை என்ற முறைப்பாடும் அங்கே உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வீட்டின் தேயிலைப் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த புள்ளி, மலைக்கப்பாலுள்ள பிள்ளைக்குப் பயன்படுகின்றது என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ?

ஆகவே, அட்டையா தொலைபேசியா என்று கேட்போர்க்கு என் விடை இது. அடிப்படை வீதத்தில் அட்டை சற்று மேல். எங்குஞ் செல்லும் எளிமையிற் தொலைபேசி மேல். எதனைக் கைக்கொண்டாலும், வாங்கவேண்டியதை முதலில் தீர்மானித்துப் பின்னரே புள்ளியை நோக்குக. கடனை அம்மாதமே முற்றாகத் தீர்த்துவிடுக. சிறு கடைக்காரரிடம் காசாகக் கொடுக்க இயலுமாயின் காசாகவே கொடுக்க. நம் நாட்டிலும் சதுரக் குறி கடைவீதிக்கு வந்துவிட்டது, பரிசுகளும் பின்தொடரும். அவை வரும்போது, "இதற்குப் பணங் கொடுப்பவர் யார்?" என்னும் வினாவை நம் பிள்ளைகள் கேட்கப் பழகுவார்களாயின், அதுவே நாம் சேர்க்கும் சிறந்த புள்ளியாகும்.