தாயும் தமக்கையும்



ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினை இலக்கிய அன்பர் அறிவர். அவருக்குத் துணைநின்ற அன்னையாரையும் தமக்கையாரையும் அறிந்தோர் சிலரே.

1805ஆம் ஆண்டிலே தந்தையார் மறைந்தபின், தாயும் மக்களிருவரும் நிலையான வீடின்றி இடம் மாறி வாழ்ந்தனர். 1809இல், சாட்டன் என்னும் சிற்றூரில் தமையனார் அளித்த வீட்டிற் குடிபுகுந்தனர். எழுபதை எட்டிய அன்னையார் தோட்டத்திலே உருளைக்கிழங்கு கிண்டினார். மணம் பேசியவரை 1797இல் இழந்து, பின்னர் மணமே செய்யாதிருந்த தமக்கை கசாண்ட்ரா வீட்டுப் பொறுப்பைத் தாங்கினார். அதனால் தங்கைக்கு எழுத நேரம் வாய்த்தது. 1811 முதல் நூல்கள் வெளிவந்தன.

1817இல், நாற்பத்தொரு வயதிலே, ஜேன் காலமானார். பிரேத ஊர்வலத்திற் பெண்கள் செல்லும் வழக்கம் அங்கு அருகியிருந்தது. நம் பெண்கள் படலையோடு நின்றுவிடுவதுபோல, கசாண்ட்ராவும் சன்னலருகே நின்று, ஊர்வலம் மறையுமட்டும் பார்த்திருந்தார். இன்று ஜேனின் முகத்தை நாம் அறிவதும் அத்தமக்கை வரைந்த சிறு ஓவியத்தினாலேயே.

அன்னையார் 1827இலும், கசாண்ட்ரா 1845இலும் மறைந்தனர். சாட்டன் தேவாலய முற்றத்தில் இருவரும் அருகருகே துயில்கின்றனர்.

பிறர் உயர்வுக்காகத் தம் நாளெல்லாம் ஈந்த அன்னையரும் அக்காமாரும் நம் இல்லங்களிலும் உளர். அவர்தம் வரலாற்றை, அவர்கள் வாய்மொழியாகவே, இன்றே கேட்டு எழுதிவைப்போமாக.